நடுவில் விட்ட இடம்

விழுப்புரம்,
12-1-1958

சேசு மரி சூசை துணை.

ராணிக்கு அண்ணன் எழுதுவது. இங்கு நலம். அங்கு நலமா. சளி போயிற்றா. பொங்கலுக்கு வர லீவு இல்லை. உனக்கு ஒரு வரன். பெயர் தொம்மை. காணையில் கிராம சேவக். வயது முப்பது. குடி இல்லை. பீடி இல்லை. அவர் தகப்பனாருக்கு எழுதினேன். பதில் வந்தது. சம்மதம். உன் சம்மதம் தெரிவி. உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணி விசாரித்தாள்.

மரியஅந்தோணி

*

திண்டிவனம்,
19-1-1958

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை அருள்ராணியின் வணக்கம். நானும் நலம், சளியும் நலம். என்னைவிட்டுப் போக அதற்கு இன்னும் மனம் வரவில்லை. நீங்களும் அண்ணியும் சுகம்தானே?

உங்கள் கடிதத்தைத் தேடு தேடு என்று தேடிப் பார்த்தேன். ஒரு ‘ஆனால்’ கிடையாது, ஒரு ‘ஆகையால்’ கிடையாது. தந்தி ஆபீசில் நாளெல்லாம் கட்டுக்கடா என்று தந்தி தட்டுகிறவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் பாரம்தான். அது ஊராருக்கு. அம்மாவும் ஐயாவும் போனபின் எனக்கு எல்லாமாக இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். எனக்கு எழுதும்போதாவது கொஞ்சம் தாராளமாக எழுதக் கூடாதா? என் கல்யாணச் செய்தியும் என் சளியும் ஒரே மாதிரி வரிசையில் நிற்கின்றன.

இந்த வாரம் எட்டாம் வகுப்பில் நான் நடத்திய பாடத்தைக் கேளுங்கள். வாக்கியங்களை இணைக்கிற சொற்கள். பலகையில் எழுதிப்போட்டால் தூங்கி வழிவார்கள் என்று மூன்று பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தினேன். ஒருத்தி கையில் ‘மல்லாட்டை நன்றாக விளைந்தது’ என்ற சிலேட்டு. இன்னொருத்தி கையில் ‘அப்பா வீட்டுக்கு வரவில்லை’. நடுவில் கெங்கம்மாள், வெறும் சிலேட்டோடு. அதில் ‘ஆனால்’ என்று எழுதினேன். விளைந்தும் வரவில்லையே, என்ன மனுஷர் என்று வகுப்பு முழுக்க அந்த அப்பாவின் மேல் கோபப்பட்டது. அழித்துவிட்டு ‘அதனால்’ என்று எழுதினேன். மண்டிக்குக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் என்று கோபம் தணிந்தது. கடைசியாக ‘பிறகு’ என்று எழுதினேன். பின்வரிசையில் ஒரு பெண் அழுதே விட்டாள். “வெளைஞ்சதாலதான் அவுங்க அப்பா போயிட்டாரா டீச்சர்?” என்கிறாள். இல்லையம்மா, இந்தச் சொல் எதற்கப்புறம் எது நடந்தது என்று மட்டும்தான் சொல்லும், எதனால் என்று சொல்லாது என்று தேற்றினேன்.

கெங்கம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. “ரெண்டு பக்கமும் ஒண்ணுமே மாறல டீச்சர். நடுவுல நிக்கிற நான்தான் எல்லாத்தையும் மாத்திக்கினு இருக்கேன்!” என்றாள். அன்றைக்குப் பார்த்து வந்த இன்ஸ்பெக்டரம்மாள் இந்தப் பாடத்தை மற்ற ஆசிரியைகளும் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். எனக்கும் தலைகால் புரியவில்லைதான், ஒப்புக்கொள்கிறேன்.

வரன் விஷயத்துக்கு வருகிறேன். என் காலைப் பற்றி அவர்களுக்கு எழுதினீர்களா? எழுதியிருந்தால் எப்படி எழுதினீர்கள்? நீங்கள் எழுதியதையும் அவர்கள் பதிலையும் அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள். பிறகு என் சம்மதத்தைச் சொல்கிறேன்.

அண்ணியின் கைகளுக்கு என் முத்தம்.

தங்கள் தங்கை,
அருள்ராணி

*

விழுப்புரம்,
28-1-1958

சேசு மரி சூசை துணை.

ராணிக்கு அண்ணன் எழுதுவது. நலம். கேட்டது கீழே.

நான் எழுதியது: ‘என் தங்கை அருள்ராணி. வயது இருபத்தாறு. ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். இடது கால் குட்டை. திண்டிவனத்தில் உத்தியோகம். நல்ல குணம். விருப்பமானால் எழுதவும்.’

அவர் எழுதியது: ‘பெண்ணின் கால் ஊனமாக இருந்தபோதிலும் உத்தியோகம் இருப்பதால் சம்மதிக்கிறோம். ஆனால் நாலு பேர் கண்ணில் பட்டுப் பேச்சாகிவிடும். ஆகவே ஜனங்கள் கூடுவதற்கு முன்னதாகவே பெண்ணைக் கோவிலில் பீடத்தண்டை கொண்டுபோய் உட்கார வைத்துவிட வேண்டியது.’

சரி என்று எழுதினேன். உன் சம்மதம் எழுது. கஷாயம் குடி.

மரியஅந்தோணி

*

திண்டிவனம்,
2-2-1958

சேசு மரி சூசை துணை.

அண்ணனுக்கு அருள்ராணி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் சரியில்லை.

சரி என்று எழுதினீர்களா? எப்படி அண்ணா கை வந்தது?

இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் ‘இடது கால் குட்டை’ என்றீர்கள். ‘உத்தியோகம்’ என்றீர்கள். நடுவில் ஒன்றும் போடாமல் விட்டீர்கள். அவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார், தம்முடைய ‘போதிலும்’ ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு இடத்தில் ‘இருப்பதால்’. அப்புறம் ‘ஆகவே’. நீங்கள் திறந்து விட்ட கதவு வழியாகத்தான் அத்தனையும் உள்ளே வந்தன. நான் அவரைக் கோபிக்கவில்லை. வெறும் சிலேட்டை நீட்டினால் எவரும் தமக்குத் தெரிந்ததைத்தான் எழுதுவார்கள்.

இந்தக் காலோடுதான் நான் தினமும் ஒன்றரை மைல் நடந்து பள்ளிக்கூடம் போகிறேன். போன வருடம் ஈ.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிய என் நாற்பத்தொரு பெண்களில் முப்பத்தொன்பது பேர் பாஸ். மிச்சம் இரண்டு பேரும் செப்டம்பரில் பாஸ். என் காலை நான் ஒரு நாளும் ஒளித்ததில்லை, அதைக் காட்டி ஒரு சலுகையும் கேட்டதில்லை. விடிவதற்குள் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட நான் என்ன கை உடைந்த மாதா சுரூபமா?

முன்பின் தெரியாதவருக்குப் பெண்பிள்ளை கடிதம் போட்டால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். அதனால் உங்கள் மூலமாகவே அனுப்புகிறேன். இதனுடன் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு வாக்கியங்கள்:

‘என் இடது கால் வலது காலைவிட இரண்டங்குலம் குட்டை. .................... நான் தினமும் ஒன்றரை மைல் நடந்து பள்ளிக்கூடம் போகிறேன்.’

நடுவில் இடம் விட்டிருக்கிறேன். தகப்பனார் அல்ல, தொம்மை என்பவர் தம் கையால் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். அவர் என்ன போடுகிறார் என்று பார்த்துத்தான் என் பதில். இது பரீட்சையா என்று அவர் கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள்.

அண்ணியை மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அருள்ராணி

*

விழுப்புரம்,
3-3-1958

சேசு மரி சூசை துணை.

ராணிக்கு அண்ணி சூசை மேரி எழுதறது. நான் நல்லாக்கீறேன், நீ எப்டிக்கீற. நான் அஞ்சாவது வரிக்கும்தான் படிச்சேன், வாயில வர்றதத்தான் எழுதுவேன், தப்பு இருந்தா சிவப்பு மை போடாத.

ஒன் லெட்டர் வந்து ஒரு மாசமாவுது. அவரு படிச்சாரு, மடிச்சாரு, சட்டை ஜோபியில வச்சாரு, அவ்ளோதான். அப்புறம் சட்டை மாத்தறப்பல்லாம் அந்தத் துண்டுக் காகிதத்தையும் மாத்தி வச்சிக்கினு போறாரு. குடுத்தீங்களான்னு கேட்டா எழுந்து வெளிய போயிடறாரு. ஒரே பேஜாரா இருக்குது எனக்கு.

அப்புறம் ஒண்ணு சொல்றேன், நீ மனசுல வச்சுக்க. கல்யாணம் ஆயி எட்டு வருஷமா நானும் பாத்துக்கினுதான் வர்றேன். ஒன் கால் பேச்ச எடுத்தா அவரு அங்க நிக்கிறதில்ல. அப்புறம் பொம்மையார்பாளையத்துக் கரையில பொறந்த மனுஷன், மீனத் தொடறதில்ல. பக்கத்து வீட்ல கானாங்கெளுத்தி வறுத்தாக்கூட எழுந்து போயிடறாரு. ரெண்டுக்கும் என்னா சம்பந்தம்னு எனக்குத் தெரியல. ஆனா ரெண்டுக்கும் அதே மூஞ்சிதான்.

அப்புறம் போன வாரம் காணையிலேர்ந்து அந்தத் தொம்மை எதோ வெதை நெல்லு மீட்டிங்குன்னு இங்க வந்தாரு, வீட்டுக்கும் வந்தாரு. ஒன் அண்ணன் ஆபீசுக்குப் போயிருந்தாரு. தோய்க்கப் போட்ட சட்டையிலேர்ந்து நான் ஜல்தியா அந்தக் காகிதத்த எடுத்துக் குடுத்துட்டேன். திட்டினா திட்டட்டும். அவரு நின்னுக்கினே படிச்சாரு, சிரிக்கல. “அக்கா, இத இங்க குந்திக்கினு எழுத முடியாது. அந்த ஒன்றரை மைல நான் ஒரு தடவ பாக்கணும். டீச்சர் கிட்ட கேட்டுச் சொல்லுங்க”ன்னாரு.

அதனால கேக்கறேன், வரச் சொல்லட்டா? எனக்கு ஆளப் புடிச்சிருக்குது. முட்டியில சேறு இருந்துது, மூஞ்சில வெறப்பு இல்ல. ஜல்தியா பதில் போடு.

ஒன் அண்ணி,
சூசை மேரி

*

திண்டிவனம்,
17-3-1958

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் அருள்ராணியின் வணக்கம். இந்த ஊரில் வெயில் ஏறிவிட்டது, சளி இறங்கிவிட்டது.

அண்ணியின் கடிதத்தில் நான் சிவப்பு மை போடவில்லை. அண்ணா, நீங்கள் ஒரு வருடத்தில் எழுதுவதை அண்ணி ஒரே கடிதத்தில் எழுதிவிட்டார். எல்லாவற்றையும் ஒரு ‘அப்புறம்’ போட்டே கட்டி இழுத்துவிடுகிறார், ஒன்றும் கீழே விழவில்லை.

வரச் சொல்லி அண்ணிக்கு நான் கார்டு போட்டேன் அல்லவா, காணைக்காரர் சனிக்கிழமை வந்தார். பரீட்சைக்காக எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. நான் குடியிருக்கும் வீட்டு லட்சுமியம்மாளையும் கூட அழைத்துக்கொண்டேன். அவர் சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார். எனக்கு வேண்டுமென்றே இன்னும் மெதுவாக நடக்கத் தோன்றிற்று, நடக்கவில்லை. என் வழக்கப்படியே நடந்தேன்.

வழியெல்லாம் வழக்கம்போலத்தான். இட்லிக்கடைக் குப்பம்மாள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கி, “டீச்சரம்மா, எம் பேத்தி கணக்குல தேறுவாளா?” என்றாள். விறகுத்தொட்டிச் சக்கரபாணி ஒரு மனுவைக் கொண்டுவந்து நீட்டி, “கொஞ்சம் படிச்சிப் பாருங்கம்மா, கோர்வையா இருக்குதான்னு” என்றார். நின்று, ஒரு ‘மேலும்’ அடித்து, ஒரு ‘எனினும்’ சேர்த்துக் கொடுத்தேன். தண்டவாளத்தைத் தாண்டியதும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பாய்க்கடைக்காரர் சலாம் வைத்தார். பள்ளிக்கூடம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வாசலில் நின்று அவர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“என்னாங்க டீச்சர், இந்த ரோட்டுல ஒங்களுக்குத் தெரியாதவங்க யாரு?”

“நீங்கதான்” என்றேன்.

லட்சுமியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வந்தவர் தம் பையிலிருந்து அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்தார். சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, என் இரண்டாவது வாக்கியத்தை அடித்தார், எழுதினார், என்னிடம் நீட்டினார். இப்படி இருந்தது:

‘என் இடது கால் வலது காலைவிட இரண்டங்குலம் குட்டை. அதனால் மெதுவாக நடக்கிறேன். அதனால் இந்த வழியில் எல்லாருக்கும் என்னைத் தெரியும்.’ அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: ‘நான் சைக்கிளில் வேகமாகப் போகிறேன். அதனால் காணையில் ஒருவருக்கும் என் பேர் தெரியாது, கிராம சேவக் என்றுதான் தெரியும்.’

நான் வாரத்தில் ஐந்து நாளும் சிவப்பு மை பிடிக்கிறவள். திருத்த ஏதாவது அகப்படுமா என்று பார்த்தேன், அகப்படவில்லை. இத்தனை வருடமாக என் காலைப் பற்றி எத்தனையோ பேர் ‘இருந்தாலும்’ சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானே சொல்லியிருக்கிறேன். இந்த ‘அதனால்’ ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

“கோவில் விஷயம் எங்கப்பா எழுதினது எனக்குத் தெரியாதுங்க. நான் பேசிக்கிறேன். நீங்க நடந்துதான் வரணும்” என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் சைக்கிளில் ஏறினார், உடனே இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

எனக்குச் சம்மதம். முழுச் சம்மதம். தபசுகாலம் முடிந்து, பரீட்சையும் முடிந்து, மே மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ராணி

*

விழுப்புரம்,
24-3-1958

சேசு மரி சூசை துணை.

ராணிக்கு அண்ணன் எழுதுவது. நலம். கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. மே ஏழாம் தேதி. சாமியாரிடம் சொல்லிவிட்டேன். நம் விழுப்புரம் கோவிலிலேயே. நீ நடந்து வர வேண்டாம். முன்னதாகப் போய் உட்கார்ந்துவிடு. நான் கேட்டுக்கொள்கிறேன். வெயிலில் அலையாதே.

மரியஅந்தோணி

*

திண்டிவனம்,
29-3-1958

சேசு மரி சூசை துணை.

அண்ணனுக்கு ராணி எழுதுவது. நலம் விசாரிக்க இன்று கை வரவில்லை, மன்னியுங்கள்.

அவருடைய தகப்பனார் நேற்று எனக்கே கார்டு போட்டிருக்கிறார். ‘மகன் வந்து பேசினான். எழுதியது தவறு. மருமகள் எல்லாரும் பார்க்க நடந்து வரட்டும்’ என்று. எழுபது வயதுக்காரர் தம் கையெழுத்தில் தவறு என்று எழுதிவிட்டார். இப்போது நான் நடக்கக் கூடாது என்று சொல்ல மிச்சம் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

‘நீ நடந்து வர வேண்டாம். நான் கேட்டுக்கொள்கிறேன்.’ இதற்கு நடுவில் ஒரு ‘ஏனென்றால்’ இருக்க வேண்டும், அதை நீங்கள் விழுங்கிவிட்டீர்கள். இத்தனை நாள் தந்தி ஆபீசின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். பழைய பெட்டியைக் குடைந்து நான் போர்டிங்கில் படித்தபோது நீங்கள் போட்ட கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். அப்போது நீங்கள் தந்தி ஆபீசில் சேரவே இல்லை. அப்போதும் இப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். கால் பேச்சு வருகிற இடத்தில் அடுத்த வாக்கியம் ‘நன்றாகப் படி’.

நான் நடப்பதைப் பார்க்க உங்களுக்கு வெட்கமா? அப்படியானால் அதையாவது எழுதுங்கள், தாங்கிக்கொள்கிறேன். ஊரார் சொல்லை விட உங்கள் மௌனம்தான் வலிக்கிறது.

ஐயா இல்லாத பெண்ணைக் கோவில் கேட்டிலிருந்து அண்ணன்தான் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும். காரணம் எழுதினால் நான் யோசிக்கிறேன். எழுதாவிட்டால் மே ஏழாம் தேதி நான் தனியாகவே நடப்பேன். பக்கத்தில் நீங்கள் இல்லையே என்று ஒவ்வோர் அடிக்கும் நினைத்துக்கொண்டு நடப்பேன். ஆனாலும் நடப்பேன்.

அண்ணிக்கு என் அன்பு.

அருள்ராணி

*

விழுப்புரம்,
8-4-1958

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள ராணிக்கு அண்ணன் எழுதுவது. பாஸ்குத் திருநாள் நல்லபடி முடிந்தது. அண்ணி நலம். நீ கேட்டதை எழுதுகிறேன். நீ சொல்லித்தருகிற சொற்களைப் போட்டு எழுதிப் பார்க்கிறேன். பழக்கமில்லை. ஆகையால் தவறு இருக்கும்.

உனக்கு மூன்று வயது. எனக்குப் பதினொன்று. பொம்மையார்பாளையத்து வீடு. உனக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. ஐயா கடலுக்குப் போயிருந்தார். ஆகையால் கோட்டக்குப்பத்துக்குப் போய் வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸரைக் கூட்டிவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். காலை எட்டு மணி இருக்கும். நான் கரையோரமாக ஓடினேன். ஆனால் வழியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு மீன் உண்டு என்பது நம் கரை வழக்கம். பெரியவன் சின்னவன் என்று பார்ப்பதில்லை. அன்று வலை கனமாக இருந்தது. வீட்டில் இரண்டு நாளாகக் கேப்பைக் கூழ்தான். அதனால் சும்மா கொஞ்ச நேரம் என்று நானும் கயிற்றைப் பிடித்தேன். பிடித்தவன் நடுவில் விட்டால் பங்கு போய்விடும். எனவே விடவில்லை. வலை கரை சேர மத்தியானம் ஆகிவிட்டது.

எனக்கு ஒன்பது கானாங்கெளுத்தி கிடைத்தது. ஓலையில் கோர்த்து எடுத்துக்கொண்டு கோட்டக்குப்பம் போனேன். டிரஸ்ஸர் உடனே கிளம்பினார், பாவம், சாப்பிடக்கூட இல்லை. அவர் வீட்டுக்குள் வரும்போது உன் கால் துவண்டு கிடந்தது. அம்மா கதறினாள். ‘அந்தப் பாவி நேரத்தோட வந்திருந்தா எம் பொண்ணு கால் போயிருக்குமா?’ என்று சாகும்வரை அவரைச் சபித்தாள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நான்தான் லேட் என்று சொல்லவில்லை. மீன் வழியில் கொடுத்தார்கள் என்றேன். அன்று அம்மா அந்த மீனைச் சமைத்தாள். எனக்குப் பசி. ஆகையால் சாப்பிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மன்னித்தார். உன்னிடம் சொல்லவில்லை.

நான் கயிற்றை இழுத்தேன். அதனால் உன் கால் போயிற்று. இதுதான் நான் விழுங்கின சொல். எந்தக் கடிதத்தில் ‘அதனால்’ என்று எழுதப்போனாலும் இந்த வாக்கியம் முதலில் வந்து நிற்கும். ஆகையால் எழுதுவதையே விட்டேன்.

உன்னைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை. உன்னைப் போல் ஒருத்தி நம் வம்சத்தில் இல்லை. ஆபீசில் உன் பேச்சுத்தான். இன்ஸ்பெக்டரம்மாள் எழுதினதை எல்லாரிடமும் சொன்னேன். வெட்கம் என்னைப் பற்றி. நீ நடந்தால் ஒவ்வோர் அடியிலும் அந்தக் கயிறு தெரியும். அதனால் வேண்டாம் என்றேன். இனி உன் இஷ்டம். என் கையைப் பிடிக்க உனக்கு மனம் இல்லாவிட்டால் சொல். நான் பின்னால் நின்றுகொள்கிறேன்.

மரியஅந்தோணி

*

திண்டிவனம்,
16-4-1958

சேசு மரி சூசை துணை.

என் அன்புள்ள அண்ணனுக்கு ராணியின் ஆயிரம் வணக்கம். நான் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

உண்மையைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. ஒன்பது மீனுக்காகவா என்று ஒரு நாள் முழுக்கக் கோபம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது கால் வலித்தது, தினமும் வலிக்கிற வலிதான், அன்றைக்குக் கூடுதலாகத் தோன்றிற்று. மறுநாள் கோபத்தோடேயே இந்த ஊர் லேடி டாக்டரிடம் போனேன். காலைக் காட்டினேன், காய்ச்சலைச் சொன்னேன், டிரஸ்ஸர் வந்த நேரத்தைச் சொன்னேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இது இளம்பிள்ளை வாதம்மா. டிரஸ்ஸர் காலம்பற வந்தா என்ன, மத்தியானம் வந்தா என்ன? மெட்ராஸ்லேர்ந்து பெரிய டாக்டரே வந்திருந்தாலும் இந்தக் காலைக் காப்பாத்தியிருக்க முடியாது. வந்தப்புறம் குடுக்க இன்னிக்கும் இதுக்கு மருந்து கெடையாது.” இரண்டு முறை கேட்டேன், மூன்றாவது முறை கேட்டதும் கோபித்துக்கொண்டார். வெளியே வந்து குப்பம்மாள் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்து அழுதேன். எனக்காக இல்லை அண்ணா. இருபத்து மூன்று வருடம் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறீர்களே, அதற்காக.

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன், பாருங்கள். இத்தனை இணைப்புச் சொற்கள் போட்டு நீங்கள் எழுதிய முதல் கடிதம். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு மை போட்டிருக்கிறேன். ‘நான் கயிற்றை இழுத்தேன். அதனால் உன் கால் போயிற்று.’ இதில் ‘அதனால்’ தவறு. அடித்துவிட்டு மேலே ‘பிறகு’ என்று எழுதியிருக்கிறேன். படித்துப் பாருங்கள்: நான் கயிற்றை இழுத்தேன். பிறகு உன் கால் போயிற்று. என் வகுப்பில் மல்லாட்டை விளைந்ததாலா அப்பா போனார் என்று அழுத அந்தப் பெண்ணுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். எதற்கப்புறம் எது நடந்தது என்பது வேறு, எதனால் என்பது வேறு. இதை நான் ஆறு வருடமாகச் சொல்லித்தருகிறேன், என் சொந்த அண்ணனுக்குச் சொல்லித்தர இத்தனை காலம் ஆயிற்று.

லேட்டாகப் போனது தப்புதான். பதினொரு வயதுப் பையனின் தப்பு. அதற்கு மார்க் குறைத்துவிட்டேன், பாஸ் பண்ணியும் விட்டேன். நியாயம் கிடைக்காமல் போனவர் அந்த டிரஸ்ஸர் ஒருவர்தான். சாப்பிடாமல் ஓடி வந்தவருக்கு நம் வீட்டில் ஆயுள் முழுக்கத் திட்டு. அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். அம்மாவுக்கும் சேர்த்து.

மே ஏழாம் தேதி நான் கேட்டிலிருந்து பீடம் வரைக்கும் நடக்கப்போகிறேன். முழு ஊரும் பார்க்க, தலை நிமிர்ந்து. என் நாற்பது பெண்கள் ரயிலேறி வருகிறார்கள், கெங்கம்மாள் நான்தான் நடுவில் நிற்பேன் என்று இப்போதே சண்டை. பின்னால் நின்றுகொள்கிறேன் என்று எழுதினீர்களே, அந்த வேலையே வேண்டாம். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வர வேண்டியவர் நீங்கள். உங்கள் நடை தந்தி நடை. மெதுவாக நடக்கப் பழகிக்கொள்ளுங்கள். மறுநாள் அண்ணி கானாங்கெளுத்திக் குழம்பு வைப்பார், எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். நீங்களும்தான்.

என்றும் உங்கள் தங்கை,
ராணி

*

விழுப்புரம்,
22-4-1958

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள ராணிக்கு அண்ணன் எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். அண்ணி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சிவப்பு மையைப் பார்த்தேன். ஆபீசில் வைத்துப் படிக்க முடியவில்லை. ஆகையால் ஸ்டேஷன் பாலத்தின் மேல் போய் நின்று படித்தேன். அதற்குள் மூன்று ரயில் போய்விட்டது. டிரஸ்ஸருக்கும் அம்மாவுக்கும் பூசைக்குச் சொல்லிவிட்டேன். அவர் பெயர் எனக்கு மறக்கவில்லை. எனவே பெயர் சொல்லியே ஒப்புக்கொடுத்தார்கள்.

தினமும் டியூட்டி முடிந்து கோவிலுக்குப் போகிறேன். கேட்டிலிருந்து பீடம் வரை நடந்து பார்க்கிறேன். முதல் நாள் எண்பது காலடியில் முடிந்துவிட்டது. நீ சொன்னபடி அது தந்தி நடை. அதனால் மறுபடியும் கேட்டுக்குப் போய் முதலிலிருந்து நடந்தேன். இப்போது அதே தூரத்துக்கு நூற்றிருபது காலடி வரை வந்திருக்கிறது. கோயில்பிள்ளை பார்த்துச் சிரிக்கிறார். இருந்தாலும் நடக்கிறேன். ஏனென்றால் அன்றைக்கு என் தங்கை வருவதை ஊரே பார்க்கும், பக்கத்தில் நான் இருப்பேன்.

அண்ணன்,
மரியஅந்தோணி